வினாடிக்கு இரண்டு சுற்று

பெரீனா ஃபிஸ்தோனிச்சிடம் கடிகாரம் கிடையாது.
கேமராவின் கைப்பிடியைச் சுழற்றும்போது
அப்பா பிறந்த தீவின் மொழியில் எண்ணுவாள்:
யெதான், த்வா, யெதான், த்வா.
வினாடிக்கு இரண்டு சுற்று.
தும்மல் வந்தால் விழுங்கிவிடுவாள்.
விழுங்க முடியாத ஒரு தும்மலில்
கை தளர,
புந்தா அரேனாஸின் மேயர்
துறைமுகப் பாலத்தில் குடுகுடுவென்று ஓடினார்.
மூன்று வாரம் கொட்டகை சிரித்தது.
நான்காம் வாரம் கொட்டகை வரி ஏறியது.

திமிங்கில வேட்டைக் கப்பலொன்று
கடனுக்கு ஈடாக விட்டுப்போன பெட்டி அது.
அதுவரை அவள்
கம்பளி மூட்டைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தாள்.
பனிக்காலத்தில் கழுவும் திரவம் உறையும்.
சூடேற்றிய செங்கல்லைத் துணியில் சுற்றி
புட்டிகளோடு தன் படுக்கையில் கிடத்திவிட்டு
அவள் நாற்காலியில் தூங்கினாள்.

உலகத்தின் கால்மாட்டில் இருக்கிறது அந்த ஊர்.
காற்று அங்கே நிரந்தரக் குடி;
மனிதர்கள்தான் வாடகைக்கு,
சாய்ந்து நடக்கிறார்கள்.
அந்தக் காற்றைப் படம்பிடிக்க வேண்டும் அவளுக்கு.
காட்ட உருவமில்லை.
கேட்கவைக்கலாம் என்றால்
படமோ ஊமை.

எனவே
கொடியில் ஓர் உள்பாவாடை
கிழக்கைச் சுட்டிக்கொண்டு விறைத்து நிற்பதை எடுத்தாள்.
இறைச்சிக்கடை பால்தோமேரோ கார்க்கமோ
தொப்பியைப் பறிகொடுத்து
தலையாவது மிஞ்சட்டும் என்று
இரு கையாலும் பிடித்துக்கொண்டதை எடுத்தாள்.
சவ ஊர்வலத்தில்
பாதிரியின் அங்கி அவர் முகத்திலேயே கவிழ,
பிரேதம் முன்னே போக
அவர் பின்தங்கித் துழாவியதை எடுத்தாள்.
விதவை அதைப் பார்த்துவிட்டு
இன்னொரு முறை போடச் சொன்னாளாம்.

எழுத்து அட்டைகளை அவள் நம்பவில்லை.
அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது,
கார்க்கமோவுக்கும் தெரியாது.
படிக்கத் தெரிந்த டாக்டரோ
சத்தமாய்ப் படித்துப் பக்கத்து நாற்காலியைக் கெடுப்பார்.

ரோமம் கத்தரிப்பவர்கள் வேலையை நிறுத்திய வருஷம்
பதினோரு நாள் எடுத்தாள்.
பன்னிரண்டாம் நாள் ஓர் அதிகாரி வந்து
கழுவாத சுருளை
வாசலில், வெயிலில், அவிழ்க்கச் சொன்னார்.
அவிழ்த்தாள்.
அவசரமில்லாமல், கணக்குத் தப்பாமல்:
யெதான், த்வா.
இருநூறு முகங்கள்
அவள் முழங்காலைச் சுற்றி
ஒன்றுமில்லாமல் விழுந்தன.
அந்தப் பதினோரு நாளைப் பற்றி
அவள் பிறகு யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை.

முப்பத்தொன்றில் பேசும்படம் வந்தது.
வால்பரைசோவிலிருந்து வந்த பொறியாளர்
மைக்கை மேட்டில் நட்டார்.
காதலன் பேசினான், காதலி பேசினாள்,
ஒரு நாய்கூட வசனம் போலக் குரைத்தது.
திரும்பப் போட்டால்
காற்று.
ஆரம்பம் முதல் கடைசிவரை காற்று மட்டும்.
பொறியாளர் காதுக்கருவியைக் கழற்றி எறிந்தார்.
எடுத்து மாட்டிக்கொண்ட பெரீனா
அரைமணி நேரம் அசையவில்லை.
'இவ்வளவு பேசுமா இது' என்று கேட்டாளாம்.

அந்தப் பனிக்காலத்தில் நிலக்கரி விலை ஏறியது.
ஆறு படங்களையும் ஒரு சீப்புக்காரனிடம் விற்றாள்.
உருக்கி, பல் வெட்டி, நிறமேற்றி.
பிறகு பல வருஷம்
அந்த ஊர்ப் பெண்கள் தெரு முனையில் நின்று
காற்று கலைத்த தலையை
அவள் படங்களால்
வாரிக்கொண்டார்கள்.

மிச்சம் நாற்பத்தொரு வினாடி.
ஒரு தகர டப்பாவில், பொத்தான்களுக்கு அடியில் கிடைத்தது.
நான் பார்த்தேன்.
வெற்றுப் புல்வெளி, ஒரே பக்கமாய்ப் படிந்தபடி.
யாரும் வரவில்லை.
முப்பதாவது வினாடியில் புல் திடீரென்று
வேகம் எடுக்கிறது.

புயல் என்கிறார்கள்.
தும்மல் என்று நினைக்கிறேன்.